குற்றவாளி பிடிபடாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம்

கொலை, பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு, கொடுங்காயம் போன்றவற்றால் பாதிக்கப்பட்டோருக்கு அரசு நிதியிலிருந்து இழப்பீடு தர பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 396ஆவது பிரிவு வழிசெய்கிறது. பழைய சட்டத்தில் இது பிரிவு 357ஏ. தண்டனை கிடைத்தால்தான் பணம் என்று நினைத்துக் குடும்பங்கள் காலத்தைக் கடத்திவிடுகின்றன. அப்படி நிபந்தனை இல்லை. எதிரி, அதாவது குற்றம் செய்தவர், யாரென்றே தெரியாமல் வழக்கு விசாரணைக்கே வராவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவர்களோ நேரடியாக மனு போடலாம். எதிரி விடுதலையானாலும் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்க முடியும்.

மனுவை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்; 15100 எண்ணிலும் விவரம் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், பாஸ்புக் நகல்களை இணையுங்கள். உயிரிழப்பு என்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைக் காவல் நிலையம் இலவசமாகத் தர வேண்டும். அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆணைக்குழு இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். அதுவரை சிகிச்சைக்குப் பணமில்லை என்றால் இடைக்கால நிவாரணத்தையும் அதே மனுவில் தெளிவாகக் கேளுங்கள். பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு இரண்டிலும் தனியார் மருத்துவமனைகூட உடனடி சிகிச்சையை இலவசமாகத் தந்தாக வேண்டும். முன்பணம் கட்டச் சொல்வது சட்டமீறல்.

தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பெண்களுக்கான 2018 இழப்பீட்டுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய், வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம், ஆசிட்டால் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். மற்றவர்களுக்கு அந்தந்த மாநிலத் திட்டத்தின் தொகை. பெண்கள் திட்டத்தில் மனுவுக்கு மூன்று ஆண்டு வரம்பு இருக்கிறது.

முழுத்தொகையும் கைக்கு வராதபோது யாரோ சுருட்டிவிட்டதாகப் பலர் பதறுகிறார்கள். பெண்கள் திட்டத்தில் பொதுவாக 75 சதவீதம் வரை அவர் பெயரிலேயே குறைந்தது மூன்று ஆண்டு வங்கி நிரந்தர வைப்பில் போடப்படும். படிப்பு, மருத்துவம் போன்ற அவசரத்துக்கு முன்கூட்டியே எடுக்க ஆணைக்குழுவிடம் மனு செய்யலாம். கணவரே எதிரி என்றால் கூட்டுக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பெண்ணின் பெயரில் மட்டும் புதுக் கணக்கு தொடங்குங்கள்.

அக்கம்பக்கத்தார் நடந்ததைக் கிளறிக் கேட்பதைவிட, கூடவே போய் வருவதும் சீட்டு ஒன்றுகூடத் தொலையாமல் ஒரே கவரில் சேர்த்துவைப்பதும் பேருதவி. மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிவையுங்கள். இரண்டு மாதம் தாண்டிவிட்டது என்று கேட்க அதுதான் கையிலிருக்கும் சான்று.