ஈபியில் குளிரும் ஏசி ஜெனரேட்டரில் ஏன் குளிராது?

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் ஏசி மெக்கானிக்குகள் காதில் விழும் புகார் ஒன்று உண்டு. "அண்ணே, ஈபியில ஓடும்போது நல்லா ஜில்லுன்னு இருக்கு. கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டா வெறும் காத்துதான் வருது. கேஸ் கம்மியா இருக்குமோ?"

கேஸ் கம்மி என்றால் ஈபியிலும்தான் குளிராது. ஜெனரேட்டருக்குச் சக்தி போதவில்லை என்றால் இன்ஜின் முக்கும், விளக்கு மங்கும். இங்கே அதுவும் இல்லை. பெரும்பாலும் கோளாறு, ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்சில் இருக்கும். ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் இரண்டு இடம் மாறி முடுக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

மண்டபம், தியேட்டர், பெரிய ஜவுளிக்கடை போன்ற இடங்களில் இருப்பது பேக்கேஜ் ஏசி. 5.5 டன், 8.5 டன், 11 டன் என்று வரும். டக்ட் எனும் காற்றுக்குழாய் வழியாகக் கூடம் முழுக்கக் காற்றைத் தள்ளும். வீட்டு ஏசிக்கு ஒரு பேஸ் (மின்சாரம் வரும் கம்பி), ஒரு நியூட்ரல் (அது திரும்பும் கம்பி) போதும். இதற்கு மூன்று பேஸும் வேண்டும். அதோடு அவை சரியான வரிசையிலும் வந்தாக வேண்டும்.

நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஏறி இறங்குகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று கம்பிகளிலும் அதே ஏற்ற இறக்கம்தான், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. சிவப்பு உச்சத்தைத் தொட்டு, ஒரு நொடியில் 150இல் ஒரு பங்கு கழித்து மஞ்சள் தொடும். அதே இடைவெளி விட்டு நீலம். மோட்டாரின் சுருள்களைச் சுற்றிலும் அமைத்து இந்த மூன்றையும் கொடுத்தால் உள்ளே காந்தப்புலம் சுழல ஆரம்பிக்கிறது, ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது இந்த வரிசைதான். ஏதாவது இரண்டு கம்பிகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் மோட்டார் அப்படியே எதிர்ப்பக்கம் சுழலும். டெஸ்டரை வைத்தால் மூன்றிலும் விளக்கு எரியும், மீட்டர் 415 வோல்ட் காட்டும். சந்தேகப்பட ஒன்றுமே இருக்காது.

எதிர்ப்பக்கம் சுழன்றால் என்ன? பேக்கேஜ் ஏசிகளில் இன்று பெரும்பாலும் இருப்பது ஸ்க்ரோல் கம்ப்ரசர். இரண்டு கொசுவர்த்திச் சுருள்களை ஒன்றுக்குள் ஒன்று பொருத்தியது போன்ற அமைப்பு. ஒரு சுருள் அசையாமல் நிற்க, இன்னொன்று சுற்றுப்பாதையில் அசைந்து, ஓரத்தில் பிடித்த கேஸை நசுக்கி நசுக்கி நடுவுக்குக் கொண்டுபோகும். 1905இலேயே லெயோன் க்ரூ என்ற பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அவ்வளவு நுணுக்கமாக உலோகத்தைக் கடைய அன்று வழியில்லை. 1980களில்தான் இது ஏசிக்குள் பரவலாக நுழைந்தது. திருப்பி ஓட்டினால் இது கேஸை நசுக்காது. கடகடவென்று சத்தம் போடும், வழக்கத்தைவிடக் குறைவாகக் கரண்ட் இழுக்கும். நெடுநேரம் ஓடவிட்டால் கெட்டே போகும். டக்டுக்குக் காற்றைத் தள்ளும் ப்ளோயர் கதை வேறு. அந்த வகை விசிறி தலைகீழாகச் சுழன்றாலும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், வேகம் மட்டும் குறையும். காற்று வருகிறது, குளிர் இல்லை என்ற புகார் இப்படித்தான் பிறக்கிறது. கேஜ் எனும் அழுத்தமானியைப் போட்டு இரண்டு பக்க அழுத்தத்தையும் பார்க்காமல் கேஸ் ஏற்றிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

சரி, எங்கே மாற்றிக் கட்டுவது? ஏசியின் டெர்மினலில் மாற்றினால் ஜெனரேட்டரில் குளிரும், ஈபியில் கெட்டுவிடும். சேஞ்ச் ஓவரில் ஜெனரேட்டர் கம்பி வந்து சேரும் பக்கத்தில்தான் மாற்ற வேண்டும். பேஸ் வரிசை மீட்டர் என்ற சின்னக் கருவியை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை.

ஈபி பக்கமும் என்றென்றைக்கும் ஒரே வரிசையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அப்படியொரு அழிவுக்குப் பிறகு லைனை மறுபடி இழுத்துக் கட்டும்போது எங்காவது இரண்டு பேஸ் மாறிவிட்டால் வீட்டு விளக்குக்கு அது தெரியாது, கம்ப்ரசருக்குத் தெரியும். இதற்குத்தான் பேஸ் வரிசை ரிலே. வரிசை மாறினாலோ, ஒரு பேஸ் போய்விட்டாலோ, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டர் சுவிட்சைச் சேரவிடாது. பேஸ் போவது இன்னும் ஆபத்து: ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காமல், மிச்சமிருக்கும் இரண்டு பேஸில் அதிகக் கரண்டை இழுத்துச் சுருளைக் கருக்கிக்கொள்ளும். "அடிக்கடி டிரிப் ஆகுது" என்று இந்த ரிலேயைச் சுற்றி ஒரு துண்டு வயர் போட்டு நேர் செய்கிறார்களே, அதைவிட முட்டாள்தனம் வயரிங்கில் இல்லை.

இனி கேபிள். ஒரு டன் குளிர்ச்சி என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றுவது. 11 டன் என்றால் 38 கிலோவாட்டுக்கும் மேல். வெப்பத்தை உண்டாக்கவில்லை, இடம்தான் மாற்றுகிறோம் என்பதால் இதற்கு ஏறக்குறைய 12 கிலோவாட் மின்சாரம் போதும். ஒவ்வொரு பேஸிலும் கிட்டத்தட்ட 20 ஆம்பியர். இந்த 20ஐ மட்டும் பார்த்துக் கேபிள் வாங்கக் கூடாது. நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும்போது, ஓட்டத்தில் இழுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை கரண்ட் இழுக்கும். சுழல ஆரம்பித்த பிறகே உள்ளிருந்து எதிர்ப்பு எழுந்து அது அடங்கும். ஒரு நொடிகூட ஆகாதுதான். ஆனாலும் 11 டன்னில் பொதுவாக இருக்கும் இரண்டு கம்ப்ரசர்களும் ஒன்றாகக் கிளம்பினால் 120 ஆம்பியரைத் தொட்டுவிடலாம்.

6 சதுர மி.மீ. தாமிரக் கேபிளுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 3 ஓம் மின்தடை. கீழே மெயின் போர்டிலிருந்து மொட்டை மாடிக்கு 50 மீட்டர் என்றால் ஒரு கம்பிக்கு 0.15 ஓம். ஓடும்போது அதில் விழுவது 3 வோல்ட், பொருட்படுத்த வேண்டாம். 120 ஆம்பியர் பாயும் அந்தக் கணத்தில் ஒவ்வொரு கம்பியிலும் 18 வோல்ட். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 இருக்க வேண்டிய இடத்தில் 360 வந்தால் முறுக்குவிசையில் கால் பங்கு காணாமல் போகும். ஏற்கெனவே வோல்டேஜ் தொய்ந்துகிடக்கும் சித்திரை மாதச் சாயங்காலத்தில், உறுமிவிட்டு நிற்கும் கம்ப்ரசருக்குக் காரணம் பல நேரம் இதுதான். இரண்டையும் சில விநாடி இடைவெளியில் கிளப்பும் டைமரை எடுத்துவிடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கரண்ட் மிஞ்சினால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்சிலும் இதே கணக்குதான். 32 ஆம்பியர் பி வகை, 96 ஆம்பியரிலேயே சட்டென்று விழக்கூடும். சி வகை 160 வரை பொறுக்கும்.

கேபிள் சரியாக இருந்தும் எரிவது எங்கே என்றால், முனைகளில். புதுச்சேரி பீச் ரோட்டுப் பக்கமோ கடலூர் சில்வர் பீச் பக்கமோ இரண்டு மழைக்காலம் பார்த்த ஐசொலேட்டர் (ஏசிக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பெட்டி ஒன்றைத் திறந்து பாருங்கள். கம்பி முனையில் மாட்டும் உலோகத் துண்டான லக்கின் மேல் பச்சையாகப் பூத்திருக்கும். அதையொட்டி இன்சுலேஷன் ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும். ஸ்க்ரூவில் டிரைவரை வைத்தால் கால் சுற்று சும்மாவே திரும்பும். கடற்காற்றின் உப்பு படிந்து, ஈரத்தை இழுத்து, தாமிரத்தை அரித்து, தொடும் பரப்பைக் குறைத்துவிட்டது. அங்கே வெறும் 0.05 ஓம் மின்தடை ஏற்பட்டால்கூட, 20 ஆம்பியர் பாயும்போது விரல் நுனி அளவு இடத்தில் 20 வாட் சூடு. சூட்டால் இணைப்பு தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். வெள்ளீயம் பூசிய லக், அதைக் கம்பியோடு கருவியால் இறுக்கிய கிரிம்பிங், பெட்டியின் அடிப்பக்கம் வழியாக, துளையை இறுக மூடும் கிளாண்ட் போட்டு நுழையும் கேபிள் எல்லாம் கடலோரத்தில் ஆடம்பரம் இல்லை. அலுமினியக் கேபிளைத் தாமிர டெர்மினலில் நேராக முடுக்குவதும் கூடாது; உப்பு ஈரத்தில் அலுமினியம் வேகமாகத் தின்னப்படும். இதற்கென்றே இரட்டை உலோக லக் கிடைக்கிறது.

எர்த்தில் பேரம் பேச இடமில்லை: த்ரீ பேஸ் மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும் என்பது விதி. கம்ப்ரசருக்கு நியூட்ரல் தேவைப்படாது. ஆனால் 230 வோல்ட்டில் ஓடும் கன்ட்ரோல் போர்டுக்கு வேண்டும். மெயினில் நியூட்ரல் விட்டுப்போனால் அந்த போர்டுக்கு 400 வோல்ட்டுக்குப் பக்கத்தில்கூட வந்து சேரலாம்.

அப்புறம் ஆடி மாதம். முகூர்த்தம் இல்லை, மண்டபம் பூட்டியிருக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்த மெயினையே அணைத்துவிடுவார்கள். கம்ப்ரசரின் அடிப்பகுதியைச் சுற்றி, உள்ளே இருக்கும் எண்ணெயைச் சூடாக வைக்கும் ஒரு ஹீட்டர் இருந்தால் அதுவும் அணைந்துவிடும். ஆறிய எண்ணெயில் கேஸ் கரைந்துபோய் நிற்கும். ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலையில் மெயினைப் போட்ட கையோடு ஏசியையும் போட்டால், அழுத்தம் சட்டென்று இறங்கிக் கரைந்த கேஸ் பொங்கும். எண்ணெய் நுரைத்துப் போய்விட, பேரிங் வறண்டு தேயும். அந்த ஹீட்டர் 70 வாட் என்று வைத்துக்கொண்டால் மாதம் முழுக்க எரிந்தாலும் 50 யூனிட்தான். அதையும் மிச்சப்படுத்த நினைத்தால் அணைத்தே வைக்கலாம். முதல் முகூர்த்தத்துக்கு 24 மணி நேரம் முன்னதாக மெயினை மட்டும் போட்டு, தெர்மோஸ்டாட்டை ஆஃபிலேயே விட்டுவைக்க வேண்டும்.