பித்தளையும் உருக்கும் ஒட்டிக்கொண்டால்

திருகோணமலையிலிருந்து ஒரு மாணவி கேட்கிறார்: "பேச்சுப் போட்டியில் விடாமுயற்சி என்றால் எல்லாரும் எடிசனின் மின்குமிழைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வேறு யாரையாவது சொல்லுங்கள் சேர்." துறைமுக ஊர்ப் பிள்ளைக்கு ஜோன் ஹரிசனை விட்டால் வேறு யார்? 1693இல் இங்கிலாந்தில் பிறந்த தச்சர். கடலில் பிசகாத மணிக்கூடு செய்தவர்.

கப்பலுக்கு எதற்கு அப்படியொரு மணிக்கூடு? பூமி மணித்தியாலத்துக்கு 15 பாகை சுழல்வது தெரிந்ததுதான். திருகோணமலையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கிறீன்விச்சில் சூரிய நேரம் காலை 6.35. அந்த 5 மணி 25 நிமிட வித்தியாசத்தைப் பாகையாக்கினால் நமது நெடுங்கோடு, ஏறத்தாழ 81¼, வந்துவிடும். கிறீன்விச் நேரம் காட்டும் மணிக்கூடு ஒரு நிமிடம் முந்தினால் போதும், நமது துறைமுகத்தில் நிற்கும் கப்பல் கணக்கில் 27 கிலோமீட்டர் மேற்கே, கந்தளாயின் நெடுங்கோட்டில் நிற்கும்! (கொழும்பில் உச்சிப்பொழுது நமக்கு ஐந்தரை நிமிடம் பிந்தித்தான் வருகிறது. அங்கே கணித்த ராகுகாலத்தை இங்கே நிமிடம் தவறாமல் பார்ப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.)

1707இல் பிரித்தானியக் கடற்படையின் நான்கு கப்பல்கள், தாம் நிற்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, இங்கிலாந்தின் தென்மேற்கே சில்லித் தீவுகளருகே பாறையில் மோதி மூழ்கின. 1714இல், கடலில் நெடுங்கோட்டைக் கணிக்க வழி சொல்பவருக்கு அரசு 20,000 பவுண் வரை பரிசு அறிவித்தது.

ஊசல் மணிக்கூடு கப்பலின் ஆட்டத்துக்குச் சரிவராது. சுருள்வில்லில் ஓடுவதுதான் வேண்டும். அந்த வில்லுக்கோ வெப்பம் ஆகாது. சூடேறினால் தளரும், மணிக்கூடு பிந்தும்.

ஹரிசன் என்ன செய்தார்? ஒரு பித்தளைத் தகட்டையும் ஓர் உருக்குத் தகட்டையும் முதுகோடு முதுகாக வைத்துத் தறையடித்தார். ஒரே சூட்டில் பித்தளை, உருக்கைவிட ஒன்றரை மடங்கு நீளும். நீளப் பார்க்கும் பித்தளையை உருக்கு விடாது, தறை இரண்டையும் பிரியவும் விடாது. அப்புறம் என்ன, முழுத் தகடும் உருக்குப் பக்கமாக வளைந்தாக வேண்டும். தகட்டின் ஒரு முனை அசையாது. மறுமுனையில் சுருள்வில்லைக் கவ்வும் இரு சிறிய ஊசிகள். தகடு வளைய, ஊசிகள் வில்லின் வழியே நகர்ந்து அதன் வேலைசெய்யும் நீளத்தைக் குறைக்கும். குட்டையான வில் விறைப்பாகும், பிந்தப் பார்த்த மணிக்கூடு சமன்படும். குளிர்ந்தால் எல்லாம் தலைகீழ். பிழையை உண்டாக்கும் சூடே பிழையைத் திருத்தவும் செய்கிறது. இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

வீட்டிலுள்ள சாதாரண அயனைச் சூடாக்கிக் காது கொடுத்துப் பாருங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம், சிவப்பு லைட் அணையும். உள்ளே வளைவது இதே சோடித் தகடுதான். அங்கே அது மின்தொடுகையைத் திறக்கிறது.

இந்தத் தகடு பிறந்தது அவருடைய மூன்றாவது மணிக்கூட்டில். 19 வருட உழைப்பு. அந்த மணிக்கூடு பரிசை வெல்லவில்லை. மேடையில் இங்கேதான் "மனம் தளரவில்லை" என்பார்கள். எனக்குப் பிடித்தது வேறு: பெரிய யந்திரம் சரியான வழியல்ல என்று கண்டு, அறுபது வயதை நெருங்கும்போது 13 சென்ரிமீற்றர் அகலமான கைக்கடக்கமான கடிகாரத்துக்கு மாறினாரே, அது. சோடித் தகடு மட்டும் கூடவே போனது. 1761இல் அவர் மகன் அந்தக் கடிகாரத்தை ஜமேக்காவுக்குக் கொண்டுபோனார். 81 நாட்களில் பிசகியது சுமார் 5 செக்கன்.

பரிசைத் தீர்மானிக்க அமைந்த நெடுங்கோட்டுச் சபை ஹரிசனோடு நன்றாகவே மல்லுக்கட்டியது. ஆனாலும், வெல்லாத மணிக்கூடுகளுக்கு இடையிடையே 500 பவுண் கொடுத்துக்கொண்டிருந்ததும் அதே சபைதான். இன்றைய ஆய்வு நிதிப் படிவங்களில் "மூன்று வருடத்தில் விளைவு என்ன?" என்ற கட்டம் இருக்கும். அதில் அவர் எதை எழுதியிருப்பார்? கடைசியில் 1773இல், 80 வயதில், பாராளுமன்றம்தான் அவருக்கு 8,750 பவுண் கொடுத்தது. சட்டம் சொன்ன முதற்பரிசை அதிகாரபூர்வமாக யாரும் முழுதாகப் பெறவில்லை.