நேற்று அவித்த பிட்டும் இரத்தத்தில் ஏறும் சீனியும்

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: அப்பாவுக்குச் சீனி வருத்தம், ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு அரிசிமாப் பிட்டும் சொதியும் இல்லாவிட்டால் அவருக்கு மனம் ஆறாது, முதல் நாள் அவித்து ஃபிரிட்ஜில் வைத்த பிட்டை மறுபடி சூடாக்கிக் கொடுத்தால் சீனி குறைவாக ஏறும் என்கிறார்களே, அது மெய்யா? மெய்தான்; ஆனால் ஊரில் பேசப்படும் அளவுக்கு அல்ல.

மாப்பொருள் என்பது குளுக்கோசுச் சங்கிலி என்பதும், அமைலேசு நொதியம் அதை வெட்டுகிறது என்பதும் பாடசாலையில் படித்தவையே. அரிசியில் அந்தச் சங்கிலி இரண்டு வகையாக இருக்கிறது: கிளைவிட்டுப் பரந்த அமைலோபெக்ரின், பெரும்பாலும் நேராக நீளும் அமைலோசு. நீத்துப்பெட்டியில் ஆவி ஏறும்போது மாவின் மணிகள் நீரை உறிஞ்சி வீங்க, இரண்டு வகைச் சங்கிலிகளும் தளர்கின்றன. தளர்ந்த சங்கிலியை நொதியம் எளிதாக வெட்டிவிடும்.

பிட்டு ஆறும்போது நடப்பதுதான் என்னை எப்போதும் மயக்குவது. அலைந்துகொண்டிருந்த அமைலோசுச் சங்கிலிகள், இரண்டு புரி சேர்த்து முறுக்கிய தென்னந்தும்புக் கயிற்றைப்போல, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, இடையில் நின்ற நீரை வெளியே தள்ளி, நெருங்கி அடுக்கிய பளிங்குகளாகின்றன. நொதியத்தின் பள்ளத்துக்குள் ஒற்றைச் சங்கிலிதான் நுழையும் என்பதால், இந்த இரட்டைப் புரி வெட்டப்படாமலே சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. அங்குள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து, குடற்சுவரின் கலங்களுக்கு உணவாகும் பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்குகின்றன.

மறுபடி சூடாக்கினால் இது கலைந்துபோகாதா? அமைலோபெக்ரினும் நாட்கணக்கில் மெல்லப் பளிங்காகும். ஆனால் அதன் கிளைகள் குட்டையானவை என்பதால் அந்தப் பளிங்கு 60 பாகை செல்சியசுக்கு அண்மையிலேயே உருகிவிடும். அமைலோசின் பளிங்கு உருகவோ ஏறத்தாழ 150 பாகை வேண்டும், நம் பானையின் ஆவியோ 100 பாகையைத் தாண்டாது. அதனால்தான் விறைத்துப்போன பிட்டு மறுபடி அவிக்கையில் மெதுமெதுவென்று ஆகிவிட, செரிக்காத பகுதி மட்டும் அசையாமல் நிற்கிறது.

இனி அளவு. 2015இல் வெளியான இந்தோனேசிய ஆய்வு ஒன்றில், புதிதாகச் சமைத்த 100 கிராம் வெள்ளைச் சோற்றில் 0.64 கிராமாக இருந்த இந்தச் செரிக்காத மாப்பொருள், 4 பாகையில் 24 மணிநேரம் வைத்துச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராமாக உயர்ந்தது. உண்டவர்களின் இரத்தச் சீனியும் குறைவாகவே ஏறியது. அதே ஆண்டில் கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவர் சுதைர் ஜேம்ஸ், புஷ்பராஜா தவராஜாவின் வழிகாட்டலில், இலங்கையின் 38 அரிசி வகைகளை ஆராய்ந்து, தேங்காயெண்ணெய் சேர்த்து வேகவைத்து 12 மணிநேரம் குளிரூட்டும் முறையை அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் முன்வைத்தபோது உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. அது ஆய்வுகூட அளவீடுதான். கந்தளாயிலும் மூதூரிலும் விளையும் நெல்லை நம்மவர்களே உண்டு பார்க்கும் ஆய்வுகளுக்கு நாம்தான் பணம் ஒதுக்க வேண்டும். வேறு எந்த நாட்டுக்கும் பிட்டைப் பற்றி அக்கறை இராது.

ஆறவைத்துச் சூடாக்குவதால் செரிக்காத மாப்பொருள் 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ ஒரு கிராம்தான் கூடுகிறது. ஆகவே கூடிய பயன் கோப்பையில் எதை எவ்வளவு வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது: அரிசிமாவில் பாதியைக் குரக்கன் மாவாக்கி, பிட்டைக் குறைத்து, முருங்கையிலை வறையையும் மீனையும் கூட்டி, சொதியைத் தண்ணிப்பாலில் வைக்கலாம். அவித்த பிட்டைத் தட்டில் பரப்பி, சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். திருகோணமலை வெயிலில் வெளியே கிடந்தால் தேங்காய்ப்பூ புளிப்பதோடு, பசிலசு சீரியசு என்ற பற்றீரியாவும் பெருகும். அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி அவித்தாலும் அழியாது. அப்பா இன்சுலினோ குளிசையோ எடுப்பவரானால், சாப்பிட்டு இரண்டு மணிநேரத்தின் பின் விரல் நுனியில் சீனி பார்த்து எழுதிவைத்து, அளவை மாற்றுவதை வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்.