2 சென்டிமீட்டருக்குள் ஒரு கேமரா

என்னிடம் இருக்கும் குட்டி டிஜிட்டல் கேமரா 2009-ல் வாங்கியது. 12 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், தடிமன் 2 சென்டிமீட்டர். சட்டைப் பையில் போட்டால் பை கொஞ்சம் தொங்கும், அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஆகியும் வெளியூர் கிளம்பும்போது அதைத்தான் எடுத்து வைக்கிறேன். வாங்கிய புதிதில் இதில் எடுத்த படங்கள் எனக்கே பிடிக்காமல் இருந்தன; உள்ளே என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு பாகமாகப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் படம் சரியாக வர ஆரம்பித்தது. இதன் எந்தக் குறையை எடுத்தாலும், எந்த நல்ல குணத்தை எடுத்தாலும், ஏன் அப்படி என்று தேடிக்கொண்டே போனால் கடைசியில் அந்த 2 சென்டிமீட்டரில்தான் போய் முட்டுகிறோம்.

லென்ஸைச் சுற்றிச் சின்ன எழுத்தில் 5.0–20.0 மி.மீ., 1:2.8–5.9 என்று போட்டிருக்கும். முதல் ஜோடி குவியத்தூரம், அதாவது லென்ஸ் ஒளியைக் குவிக்கும் தூரம்; அது குறைந்தால் காட்சி அகலமாகும். பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் இதே அகலமான காட்சி கிடைக்க 28 மி.மீ. லென்ஸ் வேண்டும், இங்கே 5 மி.மீ. போதும். எப்படி என்றால், படம் விழுகிற இடமே அவ்வளவு சின்னது. ஃபிலிம் 36-க்கு 24 மி.மீ.; இந்தக் கேமராவின் சென்சார் ஏறக்குறைய 6.2-க்கு 4.6 மி.மீ., ஒரு துவரம் பருப்பு அளவு. பரப்பில் ஃபிலிமைவிட 30 மடங்கு சிறியது. விளம்பரத்தில் இதை '1/2.3 அங்குல சென்சார்' என்பார்கள். ஸ்கேலை வைத்து அளந்தால் அந்த எண் எங்கேயும் வராது, ஏனென்றால் அது பழைய டிவி கேமராக்களின் கண்ணாடிக் குழாய்களை வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன காலத்துக் கணக்கு. குழாய் போய்விட்டது, கணக்கு மட்டும் தங்கிவிட்டது. அங்குலத்தை நம்பாமல் மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குங்கள்.

இந்தத் துவரம் பருப்பின் மேல் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றின் அகலமும் சுமார் 1.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), ஒரு தலைமுடியின் குறுக்கே நாற்பதுக்கு மேல் அடுக்கலாம். இவ்வளவு சின்னதாக இருப்பதில் என்ன பிரச்சினை?

தூறல் ஆரம்பிக்கும்போது மொட்டைமாடியில் நின்று தரையைப் பார்த்திருப்பீர்கள். சதுர ஓடு பதித்த தரை. முதல் சில நொடிகளில் ஒரு ஓட்டில் மூன்று துளி, பக்கத்து ஓட்டில் ஒன்றுகூட இல்லை, அதற்கடுத்ததில் ஐந்து. மழை எல்லா ஓட்டுக்கும் ஒரே மாதிரிதான் பெய்கிறது, ஆனாலும் தரை புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே சீராக நனைந்திருக்கும். ஒளியும் இப்படித் துளித்துளியாகத்தான் வருகிறது. ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள் விழ வேண்டிய இடத்தில் சுமார் 100 கூடக்குறைய விழும், அதாவது 1 சதவீத ஏற்ற இறக்கம், கண்ணுக்குத் தெரியாது. 100 துகள்தான் விழும் என்றால் ஏற்ற இறக்கம் 10. அது 10 சதவீதம். ஒரே நிறச் சுவரில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் வேறுவேறு வெளிச்சத்தைக் காட்டும். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியது போல் தெரிகிறதே, அது பெரும்பாலும் இந்தத் தூறல்தான். கேமரா பழுது என்று நினைத்துவிட வேண்டாம். ஓடு சின்னதாக இருந்தால் அதில் விழும் துளியும் குறைவு, வேறொன்றுமில்லை.

கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கூடிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சென்சாருக்கு ஒரு துகள்கூட அதிகம் வராது. வந்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, கூடவே அந்தப் புள்ளிகளையும். பிறகு கேமராவுக்குள் இருக்கும் சிப் புள்ளிகளைத் தேய்த்து மறைக்கப் பார்க்கும், அந்தத் தேய்ப்பில் முகம் மெழுகு பூசியது போலாகி, தலைமுடி தனித்தனி இழையாக இல்லாமல் ஒரே கறுப்பாக ஒட்டிப்போகும். இதற்கு நான் கண்ட வழி காத்திருப்பதுதான். இரவில் கோபுரத்தை எடுக்க வேண்டும் என்றால் கேமராவை மதில் மேல் வைத்து, ஐஎஸ்ஓவை இருப்பதிலேயே குறைந்த 80-க்கு இறக்கி, 2 நொடி டைமரைப் போட்டு, ஷட்டரை 1 நொடி திறந்து வைக்கிறேன். ஓடு முழுக்க நனைய நேரம் கொடுத்தாயிற்று. அதே கேமரா, நம்பவே முடியாத அளவுக்குச் சுத்தமான படம்.

நிறம் பற்றிச் சுருக்கமாக: சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஏதாவது ஒரு வடிகட்டி இருக்கும். பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது, செல்போன் வரை இன்றைக்கும் பெரும்பாலும் இதுவேதான். ஆக ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு நிறம்தான் அளந்தது, மற்ற இரண்டும் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்தது. பொடிக்கட்டம் போட்ட சட்டையிலும் நெருக்கமான ஜரிகையிலும் சில சமயம் வானவில் மாதிரி அலை தெரிவது இந்த ஊகம் தப்பும் இடங்களில்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பாகம், லென்ஸ். ஆன் செய்தால் மூன்று குழாய்கள் ஒன்றுக்குள்ளிருந்து ஒன்றாக வெளியே வரும், அணைத்தால் மூடியும் சேர்ந்து 2 செ.மீ.க்குள் மடங்கிக்கொள்ளும். குழாய்களின் சுவரில் திருகுபோல் சாய்ந்த பள்ளங்கள் வெட்டியிருக்கும். வெளிக்குழாயை விரல்நுனியைவிடச் சிறிய மோட்டார் ஒன்று சுழற்ற, உள்குழாயிலிருக்கும் சிறு முளைகள் அந்தப் பள்ளத்தில் வழுக்கி ஏற, சுழற்சி முன்னோக்கிய நகர்வாக மாறுகிறது. ஜூம் செய்யும்போது உள்ளே இருக்கும் கண்ணாடிகள் எல்லாம் ஒரே வேகத்தில் போகக்கூடாது, அதனால் ஒவ்வொரு கண்ணாடிக் கூட்டத்துக்கும் பள்ளத்தின் வளைவு வேறு. அதாவது அந்தக் கண்ணாடிகள் எப்போது எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு முழுவதையும் பிளாஸ்டிக்கில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இதிலும் மெலிதாக்க நினைத்தவர்கள் இன்னும் யோசித்தார்கள். 2002-ல் மினோல்டா டிமேஜ் எக்ஸ் கேமராவில் ஒரு பட்டகத்தை (பிரிசம்) வைத்து ஒளியை 90 டிகிரி திருப்பி, ஜூம் லென்ஸ் முழுவதையும் உடலுக்குள்ளேயே செங்குத்தாக நிற்க வைத்துவிட்டார்கள், லென்ஸ் வெளியே வரவே வராது. அடுத்த வருஷம் பென்டாக்ஸ் ஆப்டியோ எஸ், அணைக்கும்போது நடுவிலிருக்கும் ஒரு கண்ணாடிக் கூட்டத்தை வரிசையிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடும். நெரிசலில் ஒருவர் எழுந்து இடம் விட்டு நிற்பது போல. இந்த இரண்டையும் நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இந்த நேர்த்திக்கு எதிரி மணல். தனுஷ்கோடியில் ஒருமுறை காற்று பலமாக அடிக்கும்போது லென்ஸை வெளியே நீட்டியபடியே கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நடந்தேன். அணைத்தபோது கரகர என்று ஒரு சத்தம், லென்ஸ் பாதியில் நின்றது, திரையில் லென்ஸ் பிழை என்று வந்தது. மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்பதைக் கேமரா எண்ணிக்கொண்டே இருக்கும், எதிர்பார்த்த நேரத்தில் குழாய் எதிர்பார்த்த இடத்துக்கு வராவிட்டால் பல்சக்கரம் உடையாமல் இருக்க உடனே நிறுத்திவிடும். சரிசெய்யக் கொண்டுபோன இடத்தில் ஏறக்குறைய கேமரா வாங்கிய விலையைக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, குழாய் இடுக்குகளில் காற்றூதும் ரப்பர் பந்தால் பொறுமையாக ஊதி ஊதி, மறுநாள் எப்படியோ ஓடியது. எல்லாருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். கடற்கரையில் ஒரு படம் எடுத்ததும் அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள், அந்தப் பையிலும் மணல் இருக்கக்கூடாது.

எண்களில் இரண்டாவது ஜோடி, 2.8–5.9. லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் அளவு இது, எண் பெரிதானால் துளை சின்னது. ஜூம் செய்யாதபோது துளை எஃப் 2.8, முழு ஜூமில் எஃப் 5.9. எண் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகும், அதனால் மண்டபத்துக்குள் நின்ற இடத்திலிருந்தே ஜூம் செய்தால் நான்கு பங்கில் மூன்று பங்குக்கு மேல் வெளிச்சம் போய்விடுகிறது. நாலடி முன்னால் நடந்துவிடுவது மேல். துளையை இன்னும் சிறிதாக்குவதும் இங்கே உதவாது: சின்னத் துளை வழியே வரும் ஒளி விளிம்பில் விலகிப் பரவும். எஃப் 8-ல் ஒரு ஒளிப்புள்ளி சுமார் 11 மைக்ரான் வட்டமாகப் பரவி ஏழு பிக்சல் அகலத்தை மூடும். அதனால் 'காம்பாக்ட்' எனப்படும் இந்த மாதிரி குட்டிக் கேமராக்கள் பலவற்றில் வெயில் அதிகமானால் துளை சிறுக்காது, குளிர்கண்ணாடி போல ஒரு மங்கல் வடிகட்டி குறுக்கே வந்து விழும்.

ஆனால் இந்த 5 மி.மீ. லென்ஸ் தரும் பெரிய வரம் ஒன்று உண்டு. ஃபோகஸை சுமார் 2 மீட்டரில் வைத்தால் 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை எல்லாமே தெளிவாக இருக்கும். பின்னணியை அழகாக மங்கலாக்க முடியாது, உண்மைதான். ஆனால் தெருவில் ஓடும் பிள்ளைகள், தேர் வடம் பிடிப்பவர்கள், பஸ் ஜன்னல் என்று சட்டென்று எடுக்கும் படங்களில் ஃபோகஸ் தவறுவது அரிது. பட்டனைப் பாதி அழுத்தி வைக்கப் பழகுங்கள். இந்தக் கேமரா லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, விளிம்புகள் எங்கே மிகக் கூர்மையாகத் தெரிகின்றன என்று தேடித்தான் ஃபோகஸ் செய்கிறது. அதற்குக் கால் நொடி, அரை நொடி ஆகும், வெற்றுச் சுவரைக் காட்டினால் திணறும். தேடலைப் பாதி அழுத்தலில் முன்கூட்டியே முடித்துவிட்டால் மீதியை அழுத்தியவுடன் படம் விழும். கிட்டத்துப் படங்களுக்கான மேக்ரோவில் 3 செ.மீ. வரை கிட்டே போகலாம், மல்லிகை மொட்டின் மேல் ஏறும் எறும்பின் கால்மூட்டு தெரியும்.

அப்புறம் ஃபிளாஷ். ஆன் செய்ததும் மெல்லிய கீச்சொலி கேட்கிறதா, 3.7 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு மின்தேக்கியை சுமார் 300 வோல்ட்டுக்கு ஏற்றும் சத்தம் அது. செனான் வாயு அடைத்த குழாயில் அது ஆயிரத்தில் ஒரு நொடி போலத் தீர்ந்துவிடும், அந்த நேரத்துக்குள் ஆடுபவரின் கையும் தெறிக்கும் தண்ணீரும் உறைந்து நிற்கும். செல்போனின் எல்இடி விளக்கால் இது ஆகாது. கேமராவைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்த மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் தூக்கியடிக்கும்.

உடல் சின்னது என்பதால் ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகே இருக்கிறது. இருட்டில் விரிந்த கண்மணிக்குள் புகும் ஒளி, உள்ளே ரத்தம் நிறைந்த படலத்தில் பட்டு, வந்த வழியே லென்ஸுக்குத் திரும்புகிறது. கண் சிவப்பாகத் தெரிவது அதனால்தான். தீபாராதனைப் படம் ஒன்றில் வெள்ளை வட்டங்கள் மிதப்பதைக் காட்டி, "இது என்னப்பா, சாமி வந்திருக்கா?" என்று அத்தை ஒருமுறை கேட்டார். லென்ஸுக்கு சில சென்டிமீட்டர் முன்னால் பறந்த தூசியும் சாம்பலும்தான் அத்தை, பக்கத்திலேயே ஃபிளாஷ் இருப்பதால் அவற்றின் மேல் ஏகப்பட்ட வெளிச்சம், ஃபோகஸ் இல்லாததால் வட்டமாக விரிந்து தெரிகின்றன என்றேன். ஃபிளாஷை அணைத்து அதே இடத்தில் இன்னொரு படம் எடுத்துக் காட்டினேன், வட்டம் ஒன்றுகூட இல்லை.

2010-ல் இந்த மாதிரி காம்பாக்ட்கள் உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்பனைக்குப் போயின. 2023-ல் 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. செல்போன் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சேர்க்கிறது, அதாவது தூறலைப் பலமுறை பிடித்துச் சராசரி எடுக்கிறது. அந்த வேலையில் என் கேமரா தோற்றுவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 வேறு வழியில் போனது, சென்சாரையே 13.2-க்கு 8.8 மி.மீ. ஆக்கியது, பரப்பு நாலு மடங்கு. தடிமன் 3.6 செ.மீ. ஆயிற்று. சட்டைப் பையில் அடங்காது, பேன்ட் பையில் அடங்கும்.

இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பழைய காம்பாக்ட்களைத் தேடி வாங்குகிறார்கள், அவற்றில் இருக்கும் சிசிடி வகை சென்சாரின் நிறம் தனி என்கிறார்கள். 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய, 2009-ல் அவர்களுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த சிசிடியின் மேல் எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் அந்த நிறத்தைத் தருவது மேலே இருக்கும் வடிகட்டியும், சிப் நிறத்தைச் சமன்செய்யும் விதமும், நேராக முகத்தில் அடிக்கும் ஃபிளாஷும்தான் என்பது என் கருத்து. சிசிடி என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

வாங்கப் போனால் ஐந்தாறு முறை ஆன் செய்து அணையுங்கள், ஜூமை முழுதாக ஓட்டி, காதருகே வைத்துக் கேளுங்கள். சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும், நடுவில் கரகரப்பு வந்தால் உள்ளே மணல். பேட்டரி மூடியைத் திறந்து பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள். கடைசியாக, செல்போன் டார்ச்சை லென்ஸின் மேல் சாய்வாக அடித்து உள்ளே எட்டிப் பாருங்கள். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் பீரோவில் வருஷக்கணக்கில் கிடந்த கேமராவின் கண்ணாடியில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். அது தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.