வோல்வா: தமிழில் ‘அடியுறை’

காட்டுக் காளான்களை இனங்காணப் பழகத் தொடங்குபவர் எந்தக் கையேட்டைத் திறந்தாலும் சில பக்கங்களுக்குள் ‘வோல்வா’ என்ற சொல்லை எதிர்கொள்வார். தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தில், அதன் அடியைச் சுற்றிப் பை போலவோ கிண்ணம் போலவோ நிற்கும் சவ்வுக்கு இப்பெயர் வழங்குகிறது. காளானின் மற்ற உறுப்புகளுக்குக் குடை, செவுள் (குடையின் அடியிலுள்ள மெல்லிய மடிப்புகள்), தண்டு, வளையம் என்று எளிய தமிழ்ச் சொற்கள் கைவசம் இருக்க, இது மட்டும் பெரும்பாலும் ஒலிபெயர்ப்பாகவே எழுதப்படுகிறது. உயிருக்கு ஆபத்தான காளான்களைப் பிரித்தறிய உதவும் உறுப்பு என்பதால், இதன் பெயர் கேட்டவுடன் பொருள் விளங்குவதாக இருப்பது நல்லது.

இலத்தீனில் ‘வோல்வா’ என்பது மூடிச் சுற்றியிருக்கும் உறையைக் குறித்தது. கருப்பைக்கும் அதுவே பெயர். உருட்டுதல், சுருட்டுதல் என்னும் பொருளுடைய ‘வோல்வெரே’ என்ற வினையோடு இதை இணைத்துச் சொல்வது மரபு. (‘நான் உருள்கிறேன்’ என்று பொருள்படும் ‘வோல்வோ’ என்ற வண்டிப் பெயரும் அவ்வினையிலிருந்து வந்ததே.) அதே இலத்தீன் சொல்லின் மற்றொரு வடிவமான ‘வல்வா’ உடற்கூற்றியலில் பெண்ணின் புறப் பிறப்புறுப்புக்குப் பெயராக நிலைத்தது; காளானியல் ‘வோல்வா’ என்ற வடிவத்தை எடுத்துக்கொண்டது.

இந்த மூலப்பொருள் காளானின் வளர்ச்சியோடு நன்கு பொருந்துகிறது. அமானிட்டா பேரினத்தைச் சேர்ந்த காளான் இளமையில் முழுவதும் ஒரு சவ்வினால் பொதியப்பட்டு, முட்டை வடிவில் மண்ணில் கிடக்கும். தண்டு நீண்டு குடை மேலே எழும்போது அந்தச் சவ்வு கிழிகிறது. கிழிந்ததில் ஒரு பகுதி குடையின் மேல் திட்டுகளாகவோ பருக்களாகவோ ஒட்டிக்கொள்ளும். எஞ்சியது தண்டின் அடியில் தங்கிவிடும். அவ்வாறு அடியில் தங்கிய எச்சமே வோல்வா. எனவே அது தனியாக முளைத்த ஓர் உறுப்பன்று. செவுள்களை மட்டும் மூடியிருந்து, பின்னர் கிழிந்து, தண்டின் மேற்பகுதியில் வளையமாக நிற்கும் சவ்வு வேறு.

தமிழில் ‘கிண்ணம்’ என்று சொல்லத் தோன்றுவது இயல்பே. ஆனால் எல்லா வோல்வாவும் கிண்ண வடிவில் இருப்பதில்லை. சிவப்புக் குடையில் வெண்பருக்களோடு காணப்படும் அமானிட்டா மஸ்காரியாவில் அது தண்டின் பருத்த அடியைச் சுற்றிய செதில் வரிசைகளாக உடைந்து கிடக்கும். கிண்ணத்தைத் தேடுபவர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார். பொதிந்திருந்து வெடித்துத் திறப்பது என்ற வகையில் ‘பாளை’ அழகான சொல்தான். எனினும் தென்னை, கமுகு முதலியவற்றின் பூங்கொத்தை மூடும் மடலுக்கு அது உரியதாகிவிட்டது. வாளுறை, தலையணையுறை என்று பழகிய ‘உறை’ என்ற சொல்லே இங்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. இளங்காளானை மூடும் சவ்வை ‘முழுவுறை’ என்றும், செவுள்களை மட்டும் மூடுவதைப் ‘பகுதியுறை’ என்றும், முழுவுறையில் அடியில் எஞ்சுவதை ‘அடியுறை’ என்றும் சொன்னால், மூன்றுக்கும் உள்ள உறவு பெயரிலேயே தெரிந்துவிடும்.

அடியுறை இவ்வளவு பேசப்படுவதற்குக் காரணம் அமானிட்டா ஃபாலாய்டிஸ். உலகில் காளான் நஞ்சால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை இந்த ஓர் இனத்தால் விளைபவை. இதிலுள்ள அமாடாக்சின்கள் என்னும் நஞ்சுகள் உயிரணுக்கள் புரதம் ஆக்கும் வேலையைத் தடுத்துக் கல்லீரலைச் சிதைக்கின்றன. சமைப்பதாலோ உலர்த்துவதாலோ அவை அழிவதில்லை. உண்ட பின் பொதுவாக 6 முதல் 12 மணி நேரம் வரை எந்த அறிகுறியும் தோன்றாது. பின்னர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, இடையில் நோயாளி தேறிவிட்டதுபோல் தோன்றும் காலத்திலும் கல்லீரல் சேதம் தொடர்ந்துகொண்டிருக்கும்.

இந்த இனத்தின் பை போன்ற அடியுறை பெரும்பாலும் மண்ணுக்குள்ளோ சருகுக்கடியிலோ புதைந்திருக்கிறது. தண்டைக் கிள்ளி எடுப்பவரும் தரைமட்டத்தில் அறுப்பவரும் முதன்மையான அடையாளத்தைத் தரையிலேயே விட்டுவிடுகின்றனர். ஆகவே அறியாத காளானைச் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, அடியோடு தோண்டி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். முட்டைப் பருவத்தில் கிடைப்பதை நெடுக்குவாக்கில் பிளந்தால், உள்ளே குடையும் செவுளும் தண்டும் வரைகோடுகளாகத் தெரிகின்றனவா என்று பார்க்கலாம். உண்ணத்தக்க பந்துக் காளானின் இளம்பருவம் அவ்வாறின்றி உள்ளே முழுக்க ஒரே சீரான வெண்மையாக இருக்கும்.

அடியுறை இருப்பதனாலேயே ஒரு காளான் நஞ்சாகிவிடாது. வைக்கோல் காளானின் அறிவியற்பெயரான வோல்வாரியெல்லா வோல்வேசியாவில் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் இரண்டும் இந்தச் சொல்லிலிருந்தே பிறந்தவை; அதற்கும் தெளிவான அடியுறை உண்டு. ஆசியாவில் அதைச் சேகரித்துப் பழகியவர்கள் வட அமெரிக்காவில் குடியேறிய பின், அதுவே என்று எண்ணி அமானிட்டா ஃபாலாய்டிஸை உண்டு பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. வளர்ந்த நிலையில் இவ்விரண்டையும் பிரிக்க வித்துப் படிவு உதவும்: குடையைத் துண்டித்து, செவுள் கீழ்நோக்கியிருக்குமாறு ஒரு தாளின் மேல் வைத்து, கண்ணாடிக் குவளையால் மூடி ஓர் இரவு விட்டால், உதிர்ந்த வித்துக்கள் தாளில் படியும். வைக்கோல் காளானுக்கு அது இளஞ்சிவப்பாகவும், அமானிட்டாவுக்கு வெண்மையாகவும் இருக்கும் என்பதால், பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான தாள் வசதியானது. அமானிட்டாவில் தண்டின் மேற்பகுதியில் வளையமும் வழக்கமாக இருக்கும். வைக்கோல் காளானில் இராது. முட்டைப் பருவத்தில் வித்தும் உதிராது, வளையமும் வெளிப்படாது. அந்நிலையில் இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முயல்வது தொடக்கநிலையாளருக்கு உரிய வேலையே அல்ல.

அடியுறை இல்லாததும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. மட்கும் மரத்தில் முளைக்கும் சிறிய பழுப்புநிறக் காளானான கலெரினா மார்ஜினேட்டாவுக்கு அடியுறை கிடையாது. அதிலும் அதே அமாடாக்சின்கள் உள்ளன.