கைராசியும் கந்தகமும்

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கை எனக்கு எழுதியிருக்கிறார். கொழுந்து நிறைந்த கூடையை முதுகில் சுமந்து நிற்கும் பெண்ணின் உருவமொன்றை, ஒரு சாண் உயரத்தில், களிமண்ணில் செய்து சுட்டு மெழுகு தேய்த்து வைத்திருக்கிறார். அதற்கு, ஊற்றியபின் இறப்பர் போல இறுகும் சிலிக்கோனில் இரண்டு பகுதி அச்சு எடுத்து, பிளாஸ்டிக் போலக் கெட்டியாகும் ரெசினில் பிரதிகள் வார்த்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சேமிப்பைச் செலவழித்துக் கொழும்பிலிருந்து ஒரு கிலோ சிலிக்கோன் வரவழைத்திருக்கிறார்.

"இரண்டு போத்தல்களையும் சொன்ன அளவில் கலந்தேன். சொன்ன நேரத்தை விடவும் அதிகமாகக் காத்திருந்தேன். வெளிப்பக்கம் நன்றாக இறுகிவிட்டது. உருவத்தைப் பாதி புதைத்திருந்த களியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் முழுவதும் பாகு போல ஒட்டுகிறது. உருவத்தைத் தொட்ட பக்கத்திலும் சில இடங்கள் ஒட்டுகின்றன. செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் தொடங்கியதால் வந்த வினை, உனக்குக் கைராசி இல்லை என்கிறார் அம்மா. எதில் பிழை?"

கடிதத்துடன் ஒரு படமும் இருந்தது. அச்சின் உட்புறத்தில் ஒட்டும் இடங்கள் நீள்வட்டமாக, ஒன்றன் கீழ் ஒன்றாக, நான்கு. எதிர்ப்புறத்தில் சற்றுப் பெரிதாக ஒன்று. அது ஒரு கையின் பிடி. நான்கு விரலும் ஒரு பெருவிரலும். பதில் எழுதி ஒரேயொரு கேள்வி கேட்டேன்: உருவத்தைக் களியில் வைத்தபோது கையுறை அணிந்திருந்தீர்களா? ஆமாம், சுத்தமாகச் செய்ய வேண்டுமென்று மருந்துக்கடையில் இறப்பர் கையுறை வாங்கி அணிந்தேன் என்றார். களி? பாடசாலைப் பிள்ளைகள் பயன்படுத்தும் பிளாஸ்டிசின் களி.

இரண்டிலும் கந்தகம் இருந்திருக்கிறது. அது என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

செய்முறை பலருக்கும் தெரிந்ததுதான். ஒரு பக்கம் தட்டையான பொருளுக்கு ஒற்றை அச்சு போதும். முன்னும் பின்னும் வடிவமுள்ள பொருளைக் களியில் பாதி புதைத்து, சுற்றிலும் பெட்டி கட்டி, வெளியே தெரியும் பாதியின் மீது சிலிக்கோனை ஊற்றுவார்கள். களியில் சிறு குழிகள் குத்திவைத்தால் அவை சிலிக்கோனில் புடைப்புகளாகப் பதிந்து, பின்னர் இரு பாதிகளையும் நழுவாமல் பொருத்த உதவும். இறுகியதும் கவிழ்த்து, களியை நீக்கி, மறுபாதியை ஊற்ற வேண்டும். ரெசின் நுழைய ஒரு வாய், காற்று வெளியேற ஓரிரு துளைகள். அவ்வளவுதான்.

போத்தலுக்குள் இருப்பதுதான் என்னை வியக்க வைப்பது. சிலிக்கோன் என்பது சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறிக் கோத்த நீண்ட சங்கிலிகள். திரவமாக இருக்கும்போது அவை ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு போத்தலில் உள்ள சங்கிலிகளின் முனைகளில் காபன்–காபன் இரட்டைப் பிணைப்புகள். மற்றதில் உள்ள மூலக்கூறுகளில் சிலிக்கனோடு நேரடியாக இணைந்த ஐதரசன்கள். இரண்டையும் வெறுமனே கலந்து வைத்தால் அறை வெப்பநிலையில் எதுவும் நடக்காது. அவற்றை இணைக்க, தான் செலவாகாமல் தாக்கத்தை நடத்திக்கொடுக்கும் ஓர் ஊக்கி வேண்டும். அந்த ஊக்கி பிளாற்றினம். 1957 இல் அமெரிக்காவின் டௌ கோர்னிங் நிறுவனத்தில் ஜோன் ஸ்பியரும் உடன் ஆய்வாளர்களும் பிளாற்றினச் சேர்வையொன்று இந்தத் தாக்கத்தை எவ்வளவு எளிதாக நடத்துகிறது என்று வெளியிட்டார்கள். இன்று அச்சு செய்கிறவர்களின் போத்தலில் பெரும்பாலும் இருப்பது, 1973 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் புரூஸ் கார்ஸ்டெட் காப்புரிமை பெற்ற வடிவம்.

பிளாற்றின அணுவின் வேலையைக் கற்பனை செய்து பாருங்கள். முதலில் அதன் கை வெறுமையாக இருக்கிறது. அருகில் வரும் சிலிக்கன்–ஐதரசன் பிணைப்பைப் பிரித்து இரண்டையும் பற்றிக்கொள்கிறது. பிறகு வேறொரு சங்கிலியின் இரட்டைப் பிணைப்பும் வந்து அதே அணுவின் மீது சாய்கிறது. ஐதரசன் இரட்டைப் பிணைப்பின் ஒரு காபனுக்குத் தாவ, மறு காபன் சிலிக்கனோடு இணைகிறது. இரண்டு சங்கிலிகள் ஒன்றாகிவிட்டன. பிளாற்றினம் அவற்றை விட்டுவிடுகிறது. கை மறுபடியும் வெறுமை. அடுத்த பிணைப்பு, அதற்கடுத்தது. இந்தச் சுற்றை 1965 இல் சோக், ஹரொட் என்ற இரு வேதியியலாளர்கள் விளக்கினார்கள். பிடிக்கத் தெரிந்த உலோகங்கள் பல உண்டு. பிடித்ததை விடவும் தெரிந்திருப்பதால்தான் பிளாற்றினம் இங்கே ஊக்கியாகிறது. இந்தத் தாக்கத்தில் கழிவாக எதுவும் வெளியேறுவதில்லை என்பதால் அச்சு சுருங்குவதும் மிகமிகக் குறைவு. கண்ணிமையின் கோடு வரை அது பிரதி எடுப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

எவ்வளவு பிளாற்றினம் தேவை? பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம். மூன்று எள்ளின் எடைதான். அந்த மூன்று எள்ளளவு உலோகம் ஒரு கிலோ திரவத்தை ஒரே வலையாகப் பின்னிவிடுகிறது.

இப்போது கந்தகம். கந்தக அணுவில் பிணைப்பில் ஈடுபடாத இலத்திரன் சோடிகள் உண்டு. பிளாற்றினத்தின் வெறுங்கைக்கு அவற்றைவிட விருப்பமானது அதிகமில்லை. இயற்கையில் பிளாற்றினமும் கந்தகமும் சேர்ந்த கனிமமே கிடைக்கிறது. வெள்ளிக் கொலுசு நாள்பட்டுக் கறுப்பது உங்களுக்குத் தெரியும். காற்றிலுள்ள சிறிதளவு கந்தகச் சேர்வைகளை வெள்ளி தேடிப் பிடித்துக்கொள்வதன் விளைவு அது. இதிலும் அதே பற்று. கந்தகம் வந்து பற்றினால் பிளாற்றினம் அதை விடுவதில்லை. கை நிறைந்துவிட்டது. சுற்றிலும் இணையக் காத்திருக்கும் ஆயிரக்கணக்கான சங்கிலிகள் அப்படியே திரவமாக நிற்கின்றன.

அணுவுக்கு அணு என்று கணக்குப் போட்டால், பிளாற்றினத்தின் அணுநிறை 195, கந்தகத்தினது 32. பத்து மில்லிகிராம் பிளாற்றினத்தைக் கட்டிப்போட 1.6 மில்லிகிராம் கந்தகம் போதும். அரை எள். ஒரு கிலோ சிலிக்கோனையும் அரை எள் கந்தகம் நிறுத்தக்கூடும் என்றால், கையுறை தொட்ட தடம் எம்மாத்திரம்! நல்லவேளையாக, கந்தகம் தொட்ட இடத்திலிருந்து உள்ளே பரவுவதற்குள் சிலிக்கோனின் மற்றப் பகுதி இறுகிவிடுகிறது. ஆகவேதான் வெளிப்பக்கம் கெட்டியாகவும் தொட்ட பக்கம் மட்டும் பாகாகவும் இருந்தது. விரல்கள் நான்கும் தனித்தனியாகத் தெரிந்ததும் அதனால்தான்.

கையுறையில் கந்தகம் ஏன் இருக்கிறது என்பது நம் நாட்டின் கதை. 1876 இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு முதல் இறப்பர் கன்றுகள் வந்தன. அதற்கு முன்பே, 1839 இல், இறப்பர்ப் பாலிலிருந்து எடுத்த பொருளைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் வெடிக்காமலும் நிற்கும் என்று சார்ல்ஸ் குட்இயர் கண்டிருந்தார். அங்கே சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பாலமே கந்தகம்தான். மரத்து இறப்பரை இறப்பராக்கும் அதே அணு, சிலிக்கோன் இறப்பரை இறப்பராக விடாமல் தடுக்கிறது. இருபது ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கிறேன். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. குற்றம் கையில்தான் இருந்தது என்று நீங்கள் கண்டது சரி. ஆனால் அது உங்கள் மகளின் ராசி அன்று; கையுறையின் கந்தகம். செவ்வாய்க்கிழமை மாலை மூன்று மணிக்கும் வெள்ளிக்கிழமை அதிகாலைக்கும் பிளாற்றினம் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். இதை ஒரு சிறு சோதனையில் உங்கள் மகளே காட்டலாம். கைராசி என்ற சொல்லால் முயற்சியையே கைவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தங்கையின் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில்தான், 1925 இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. தேயிலைக்கு அது அவசியம், அதற்குச் செலவிடும் பணம் வீணில்லை. கொழுந்து பறிப்பவரின் பிள்ளை படிக்கும் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாதிருப்பதுதான் என்னை வருத்துகிறது. ஊக்கி என்றால் என்ன என்று பரிசோதனைக் குழாயில் ஒரு தடவை பார்த்திருந்தால் இவர் தம் சேமிப்பை இழந்திருக்க மாட்டார். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு பாடசாலை ஆய்வுகூடங்களுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனிச் செய்ய வேண்டியது. இறப்பர் கையுறைக்குப் பதில் வைனைல் கையுறை. பிளாஸ்டிசினுக்குப் பதில் கந்தகம் சேராதது என்று குறிப்பிட்டு விற்கும் களி, அல்லது தேன்மெழுகு. ஏற்கெனவே தொட்ட உருவத்தைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி உலர்த்தி, மீண்டும் மெழுகு தேய்க்க வேண்டும். பிறகு எதையும் நம்பாமல், ஒரு தேக்கரண்டி சிலிக்கோனைக் கலந்து உருவத்தின் அடியிலும் புதிய களியிலும் சிறிது தடவி மறுநாள் பார்க்க வேண்டும். சோதனைக்குப் போகும் அந்தத் தேக்கரண்டி ஒரு கிலோவைக் காப்பாற்றும். கந்தகத்தோடு வெள்ளீயச் சேர்வைகளும் அமீன்கள் என்ற நைதரசன் சேர்வைகளும் கூடப் பிளாற்றினத்தை நிறுத்தும்.

வெள்ளீயத்தையே ஊக்கியாகக் கொண்ட இன்னொரு வகைச் சிலிக்கோன் உண்டு. கந்தகம் அதைத் தடுக்காது; விலையும் குறைவு. ஆனால் இறுகும்போது அது சிறிதளவு அற்ககோலை வெளியேற்றுவதால் அச்சு சற்றுச் சுருங்கும், நாளடைவில் பலமும் குறையும். இரண்டு வகைக்கும் ஒரே கலக்கும் குச்சியைப் பயன்படுத்தவே கூடாது.

மலையகத்தில் இன்னொரு குழப்பமும் நேரும். போத்தலில் எழுதியுள்ள நேரம் பெரும்பாலும் 23 முதல் 25 பாகை வெப்பநிலைக்கானது. நுவரெலியாவின் சராசரி ஏறத்தாழ 16 பாகை. பத்துப் பாகை குறைந்தால் தாக்கம் ஏறத்தாழ பாதி வேகத்தில் நடக்கும் என்பது பாடசாலையில் படித்த கணக்கு. இரவுக் குளிரில் இன்னும் மெதுவாகும். குளிரால் இறுகாத அச்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மென்மையாக இருக்கும், வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் இறுகிவிடும். கந்தகத்தால் கெட்டது தொட்ட இடத்தில் மட்டும் ஒட்டும், எவ்வளவு சூடு காட்டினாலும் தேறாது. போத்தல்களை அடுப்பங்கரையில், நெருப்பிலிருந்து தள்ளி, சில மணி நேரம் வைத்துவிட்டுக் கலப்பது நல்லது.

குளிரில் சிலிக்கோன் தடிப்பாகவும் இருக்கும், காற்றுக் குமிழ்கள் எளிதில் ஏறா. குமிழின் ஆரை பாதியானால் அது மேலெழும் வேகம் நாலில் ஒன்றாகும். ஆகவே உயரத்திலிருந்து நூல் போல ஊற்றுங்கள். மெல்லிய நூலாக நீளும்போது பெரிய குமிழ்கள் வழியிலேயே உடைந்துவிடும். குமிழ்களை வெளியேற்ற வெற்றிடப் பம்பி வைத்திருப்பவர்கள் அதன் மானியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கடல் மட்டத்தில் அது 29 அங்குல இரசத்தைத் தாண்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், வளிமண்டல அமுக்கமே அங்கே ஐந்தில் நான்கு பங்குதான். எவ்வளவு நல்ல பம்பியானாலும் 24 அங்குலத்துக்கு மேல் காட்டாது.

இரண்டாம் பாதியை ஊற்றும் முன் முதற்பாதியின் மேல் வாஸ்லினை மிக மெல்லிதாகத் தடவ மறக்க வேண்டாம். எபொக்சியோ சாந்தோ ஒட்டாத சிலிக்கோன், இன்னொரு சிலிக்கோனோடு மட்டும் ஒட்டும். புதிய திரவம் பழைய வலைக்குள் ஊறிப்போய், அங்கே இணையாமல் மிஞ்சியிருக்கும் முனைகளையும் பிணைத்துவிடும். அதைச் செய்வதும் அதே பிளாற்றினம்தான். பிறகு கத்தி வைத்துத்தான் அறுக்க வேண்டும்.

ரெசினைப் பொறுத்தவரை மூடுபனிதான் எதிரி. பொலியூரித்தேன் ரெசினிலுள்ள ஐசோசயனேற்று நீரோடு தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டைத் தரும். ஈரமான அச்சில் வார்த்தால் பொங்கும். எபொக்சியின் வன்மையாக்கி, குளிரும் ஈரமும் சேர்ந்தால், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து மேலே மெழுகு போலப் படியும். வெயில் ஏறிய பிற்பாடு, அச்சைச் சூடாக்கி உலர்த்திவிட்டு வார்க்க வேண்டும். குளிருக்குக் கதவைச் சாத்திய லயன் அறையில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். இந்த ஆவிகளும் திரவங்களும் மூச்சுத்திணறலையும் தோல் ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடியவை, ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுவதும் தொடரலாம். திண்ணையில், காற்றோட்டத்தில், பிள்ளைகள் அருகில் இல்லாதபோது செய்யுங்கள்.

கடைசியாக, தங்கையே, நீங்கள் செய்த உருவத்துக்கு மட்டும் உரியது. அச்சின் இரு பாதிகளும் சந்திக்கும் பிரிகோடு தோளிலிருந்து கையின் வெளி விளிம்பு வழியாகக் கூடையின் பக்கவாட்டில் இறங்கட்டும். தலையிலிருந்து கூடைக்கு வரும் கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவேயுள்ள இடைவெளியை மெழுகால் அடைத்துவிடுங்கள், இல்லையேல் அச்சு கழலும்போது கிழியும். ரெசினைப் பாதத்தின் வழியே ஊற்றப் போகிறீர்கள் என்றால் பெண் தலைகீழாக நிற்பார், கூடையின் அடிப்பக்கம் மேலே வரும், காற்று அங்கேதான் அடைபடும். சிலிக்கோனை ஊற்றும் முன்பே அந்த இடத்திலிருந்து அச்சின் மேல்முகம் வரை பிரிகோட்டின் மீது ஓர் ஈர்க்கைப் பதித்துவையுங்கள். இறுகிய பின் உருவிவிட்டால் காற்றுக்கு வழி கிடைத்துவிடும்.