எரிவாயு நாட்டுக்கு அவசியம் என்பதற்காக அதன் விலை ஏறிவிடாது

எங்காவது ஓர் அரசு ‘எரிசக்திப் பாதுகாப்புக்குத்தான் இனி முன்னுரிமை’ என்று அறிவித்துவிட்டால் போதும், எரிவாயுவில் பணம் போடலாமா என்று கேட்டு என்னிடம் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். போடும் முன் கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. போட்டு, பாதியை இழந்த பிறகு வருபவர்களைப் பார்க்கத்தான் மனம் தாங்கவில்லை. கடைசியாக வந்தவர் பணி ஓய்வில் கிடைத்த தொகையில் பெரும்பகுதியை இயற்கை எரிவாயு ஃபியூச்சர்ஸில், அதாவது பின்னொரு மாதத்துக்கான எரிவாயுவை இன்றே விலை பேசி வாங்கும் ஒப்பந்தங்களில், வைத்திருந்தார். அந்த ஒப்பந்தத்துக்குப் பிணையாகக் கட்ட வேண்டிய மார்ஜின் தொகைக்குக் கடன் வேறு வாங்கியிருக்கிறார். ஏன் இதில் இறங்கினீர்கள் என்று கேட்டால், அவரும் எல்லாரும் சொல்வதையே சொன்னார்: “நாட்டுக்கே இது அவசியம் என்று அரசாங்கம் சொல்கிறதே, விலை எப்படி இறங்கும்?”

இறங்கும். பல நேரங்களில் அந்தக் கொள்கையே விலையை இறக்கும். இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

எரிசக்திப் பாதுகாப்பு என்று அரசு சொல்லும்போது அதன் மனதில் இருப்பது என்ன? எரிவாயு தடையில்லாமல் கிடைக்க வேண்டும், ஒரே நாட்டை நம்பி இருக்கக் கூடாது, வீடுகளும் தொழிற்சாலைகளும் தாங்கக்கூடிய விலையில் இருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் முதலீட்டாளர்கள் படிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். கொள்கை வெற்றி பெற்றால் வரத்து கூடும், கிடங்குகள் நிரம்பும், விலை அடங்கும். விலை ஏறும் என்று பந்தயம் கட்டியவர் லாபம் பார்க்க வேண்டுமானால் அந்தக் கொள்கை தோற்க வேண்டும். அரசு நுகர்வோர் பக்கம்தான் நிற்கும், நிற்கவும் வேண்டும். ஃபியூச்சர்ஸ் வாங்கிய உங்கள் பக்கம் நிற்க அதற்கு எந்தக் கடமையும் இல்லை.

2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவிலிருந்து வரும் எரிவாயு குறைந்துகொண்டே போக, ஐரோப்பாவின் அளவுகோலான டச்சுச் சந்தை விலை ஆகஸ்டில் ஒரு மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. ‘குளிர்காலம் இனிமேல்தானே வருகிறது, இன்னும் ஏறும்’ என்று அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் உண்டு. அதே கோடையில் ஐரோப்பிய ஒன்றியம் நவம்பருக்குள் கிடங்குகளை 80 சதவீதமாவது நிரப்ப வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. உறுப்பு நாடுகள் அதைத் தாண்டி 90 சதவீதத்துக்கும் மேலே நிரப்பின. ஜெர்மனி, எல்.என்.ஜி. எனப்படும் திரவமாக்கிய எரிவாயுவைக் கப்பலில் இறக்குமதி செய்ய, தன் முதல் மிதக்கும் முனையத்தை வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் அதே டிசம்பரில் திறந்தது. குளிரும் கடுமையாக இல்லை. 2023 பிப்ரவரியில் விலை 60 யூரோவுக்கும் கீழே. பாதுகாப்புக் கொள்கை தன் வேலையை ஒழுங்காகச் செய்ததன் விளைவு இது.

“சரி, ஃபியூச்சர்ஸ் வேண்டாம், எரிவாயு நிறுவனத்தின் பங்கை வாங்குகிறேன். நாட்டுக்கு முக்கியமான நிறுவனத்தை அரசு கைவிடாதே?” அடுத்து வரும் கேள்வி இது. ஜெர்மனியின் யூனிப்பர் நிறுவனத்தை அரசு கைவிடவில்லைதான். அந்த நாட்டின் மிகப்பெரிய எரிவாயு இறக்குமதி நிறுவனம் அது. ரஷ்ய எரிவாயு நின்றதும், ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியதை அதிக விலைக்கு வெளியில் வாங்கிக் கொடுத்து, 2022-ன் முதல் ஒன்பது மாதங்களில் சுமார் 4,000 கோடி யூரோ நஷ்டம் காட்டியது. அரசு உள்ளே வந்து சுமார் 99 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. நிறுவனம் பிழைத்தது. ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் 40 யூரோ அளவில் இருந்த பங்கை, பெரும்பான்மை உரிமையாளரான ஃபின்லாந்தின் ஃபோர்ட்டம் 1.70 யூரோவுக்குக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நிறுவனத்தைக் காப்பது வேறு, பங்குதாரரைக் காப்பது வேறு. இதை முதலீட்டு ஆலோசனை சொல்லும் என் துறையில் இருப்பவர்களே சிலர் வாடிக்கையாளரிடம் குழப்பிச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தனி வருத்தம்.

நல்ல லாபத்தில் ஓடும் நிறுவனங்களையும் விட்டுவைப்பதில்லை. பிரிட்டன் 2022 மே மாதம் எண்ணெய், எரிவாயு உற்பத்தியாளர்கள் மீது 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது, அடுத்த ஜனவரியில் அது 35 ஆனது, 2024 நவம்பரில் 38. ஏற்கெனவே இருந்த வரிகளோடு சேர்த்தால் 78 சதவீதம். ஆஸ்திரேலியா 2022 டிசம்பரில் உள்நாட்டு மொத்த விலைக்கு ஒரு ஜிகாஜூலுக்கு 12 ஆஸ்திரேலிய டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. 2004-ல் தன் ஊருக்கே பற்றாக்குறை வந்ததும் அர்ஜென்டினா சிலிக்குப் போய்க்கொண்டிருந்த எரிவாயுவைக் குறைத்துவிட்டது. எகிப்தின் டமியெட்டா எல்.என்.ஜி. ஆலை, எரிவாயு உள்நாட்டுக்குத் திருப்பப்பட்டதால் பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. இவை எல்லாமே எரிசக்திப் பாதுகாப்பு என்ற பெயரில்தான் நடந்தன.

ஏற்றுமதி கூடினால் விலை ஏறும் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். 2023-ல் அது உலகின் முதல் எல்.என்.ஜி. ஏற்றுமதி நாடானது. அதே ஆண்டில் அந்நாட்டின் அளவுகோல் விலையான ஹென்றி ஹப்பின் சராசரி முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே போனது. 2022 ஆகஸ்டில் ஒரு மில்லியன் பி.டி.யு. (எரிவாயுவை அளக்கும் வெப்ப அலகு) 10 டாலரை நெருங்கியது, 2024 பிப்ரவரியில் 2 டாலருக்கும் கீழே. ஏற்றுமதியைவிட வேகமாக உற்பத்தி பெருகினால் அப்படித்தான் ஆகும். அரசியல் திசை மாறுவதும் அங்கே சாதாரணம்: 2024 ஜனவரியில் புதிய ஏற்றுமதி அனுமதிகள் நிறுத்திவைக்கப்பட்டன, அடுத்த ஜனவரியில் ஆட்சி மாறியதும் அந்தத் தடை நீங்கியது.

எந்தச் சந்தையின் எரிவாயு என்று கேட்காமல் வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 ஜூனில் டெக்சஸில் உள்ள ஃப்ரீபோர்ட் ஏற்றுமதி நிலையத்தில் தீவிபத்து நடந்தது. வெளியே போக வேண்டியது உள்ளேயே தேங்கியதால் ஹென்றி ஹப் விலை சரிந்தது, அதே செய்தியால் ஐரோப்பாவில் விலை ஏறியது. ‘எரிவாயுப் பற்றாக்குறை’ என்ற தலைப்பைப் பார்த்து அமெரிக்க ஒப்பந்தத்தை வாங்கியவர் கணிப்பில் சரி, பணத்தில் தவறு.

அப்புறம் இந்த எரிவாயு இடிஎஃப்கள், அதாவது பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்டுகள். ‘ஃபியூச்சர்ஸ் ஆபத்து, இடிஎஃப் பத்திரம்’ என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எரிவாயுவைக் கிடங்கில் வாங்கி வைக்கும் ஃபண்ட் அல்ல அது, அதனிடம் இருப்பதும் ஃபியூச்சர்ஸ்தான், மாதாமாதம் காலாவதியாகும் ஒப்பந்தத்தை விற்று அடுத்த மாதத்துக்கானதை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த மாத விலை அதிகமாக இருந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கரையும். 2007-ல் அமெரிக்காவில் தொடங்கிய பிரபலமான எரிவாயு ஃபண்ட், தொடங்கிய நாளிலிருந்து 99 சதவீதத்துக்கும் மேல் மதிப்பை இழந்துவிட்டது. எரிவாயு விலை அந்த அளவுக்கு விழவில்லை. விலையின் அன்றாட ஏற்ற இறக்கத்தை இரண்டு மடங்காகத் தரும் என்று விற்கப்படும் ஃபண்டுகளைத் தயவுசெய்து வாங்கவே வாங்காதீர்கள். அவை சில நாட்கள் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கானவை.

எரிவாயுத் துறையையே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விலையில் சம்பாதிக்கும் நிறுவனத்தையும் அளவில் சம்பாதிக்கும் நிறுவனத்தையும் பிரித்துப் பாருங்கள். குழாய்வழி, முனையம், கிடங்கு நடத்துபவர்களில் பலர் தங்கள் வழியாகப் போகும் எரிவாயுவின் அளவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குகிறார்கள், பாதுகாப்புக் கொள்கை அவர்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். அங்கேயும் கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, எடுக்காவிட்டாலும் பணம் கட்டியே ஆக வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்று ஆண்டறிக்கையில் தேடுங்கள். அதைப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் தனிப்பங்கு வேண்டாம். வரத்துப் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும்: ஆண்டுக்கு 7.7 கோடி டன்னாக இருந்த தன் எல்.என்.ஜி. திறனை 14.2 கோடி டன்னாக உயர்த்தத் திட்டம் போட்ட நாடு கத்தார்.

ஓய்வூதியப் பணம், பிள்ளைகளின் படிப்புக்கான பணம், கடன் வாங்கிய பணம், இவற்றில் ஒரு ரூபாயோ ஒரு டாலரோ எரிவாயு ஃபியூச்சர்ஸுக்குப் போகக் கூடாது. 2006-ல் அமரந்த் என்ற அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்ட் (பெரும் பணக்காரர்களுக்கும் நிறுவனங்களுக்கும் பணத்தை முதலீடு செய்து தரும் நிதியம்), இதே வேலையில் தேர்ந்த ஆட்களை வைத்துக்கொண்டே, எரிவாயு ஃபியூச்சர்ஸில் 600 கோடி டாலருக்கும் மேல் இழந்து மூடப்பட்டது. கைப்பேசியில் வந்த ஒரு ‘டிப்’ உங்களைக் காப்பாற்றாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். விலை இறங்கியதும் வாங்கி ‘சராசரி பண்ணுகிறேன்’ என்று மேலும் வாங்காதீர்கள். மார்ஜினுக்காக இன்னொரு கடன் வேண்டாம். இழப்பை வீட்டில் மறைக்காதீர்கள், இன்றே சொல்லிவிடுங்கள். பிறகு எந்தச் சந்தை, எந்த மாத ஒப்பந்தம், எத்தனை லாட் (ஒப்பந்த எண்ணிக்கை), காலாவதி என்றைக்கு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, கமிஷன் வாங்காத ஓர் ஆலோசகரைக் காலாவதிக்கு முன்பே பாருங்கள்.